கூட்ஸ் வண்டியும் குடிமக்களும்

இராமநாதபுரம் ஜில்லா புதுமடத்திலிருந்து ஓர் அன்பர் எழுதிய கடிதம் நம் மேஜைமீது இருக்கிறது. அவருடைய குமாரர் கல்லூரியில் படிக்கும் வாலிபர். சூதோ மதுவோ வீண் சச்சரவோ அறியாதவர். ஆயினும் அவருக்கு ஒரு 'பித்து' உண்டாம். விடுமுறை வந்தால் இரண்டு தோழர்களுடன் உச்சிப்புளியில் ரயிலேறிப் போய், மதுரைக்குத் தெற்கே தூத்துக்குடிப் பாதையோரம் நாள் முழுதும் வெயிலில் நின்று, கூட்ஸ் வண்டிகளைப் பார்க்கிறாராம். பார்ப்பதோடு நில்லாமல், முதல் இஞ்சின் தொடங்கிக் கடைசி கார்டு வண்டி வரையில் கைபேசியில் சலனப் படம் பிடித்து, பெட்டிகளை எண்ணி நோட்டுப் புத்தகத்திலும் குறித்துக்கொள்கிறாராம். சென்ற மாதம் ஒரு ஸ்டேஷனுக்கு வெளியே, பொதுச் சாலையில் நின்று படம் பிடித்த இவரை ஓர் அதிகாரி அழைத்து, ஒரு மணி நேரம் உட்காரவைத்து, படங்களையெல்லாம் அழிக்கச் செய்து அனுப்பினாராம். பெயரைச் சொன்னபின் கேள்விகள் அதிகமாயின என்றும் அன்பர் எழுதுகிறார். அதன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அன்பர் கேட்பவை மூன்று கேள்விகள். பையன் செய்வது குற்றமா? குற்றமில்லையெனில் வீண் வேலையா? வீண் வேலையும் இல்லையெனில் இதனால் ஊருக்கு என்ன பயன்? மூன்றும் நேர்மையான கேள்விகள். ஒவ்வொன்றாக விடை கூற முயல்வோம்.

முதலாவது, குற்றம். 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவு, அதிகாரமின்றி ரயில்வே எல்லைக்குள் நுழைவோருக்குச் சிறையும் அபராதமும் கூறுகிறது. அந்தப் பிரிவு கால் வைத்த இடத்தைப் பற்றியது. கண் பார்த்ததைப் பற்றியது அன்று. பொதுச் சாலையில் நிற்பவன் எந்த எல்லைக்குள்ளும் நுழையவில்லை. அடுத்து, 1923-ஆம் வருஷத்து அரசாங்க இரகசியச் சட்டம் ஒன்றிருக்கிறது. அந்நிய ஆட்சியார் தமது அச்சத்தால் இயற்றி நமக்கு விட்டுச் சென்ற சட்டம் அது. அதன்படியும் ஒரு ரயில் பாதையோ பாலமோ, சர்க்கார் கெஜட்டில் அறிக்கை செய்து 'தடைசெய்யப்பட்ட இடம்' என்று குறித்தால்தான் அவ்வகையில் சேரும். ஓடுகின்ற நிலக்கரி வண்டி, அது ஓடுவதனாலேயே இரகசியமாகிவிடாது. ஆயிரம் பேர் லெவல் கிராஸிங்கில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பொருள் எவ்வாறு இரகசியமாகும்?

தேசப் பாதுகாப்பை நாம் இகழ்வதாக யாரும் கருத வேண்டாம். உச்சிப்புளியில் நமது கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. பாம்பனில் கடல்மீது பாலம் நிற்கிறது. எல்லைக் கடல் அருகே இருக்கிறது. அவ்விடங்களில் படம் பிடிக்கலாகாதென்று சர்க்கார் கருதினால், அதைத் தெளிவாக எழுதிப் பலகையில் வைக்கட்டும், வாலிபர்கள் கீழ்ப்படிவார்கள். நாம் கண்டிப்பது எழுதாத சட்டத்தை. எழுதாத சட்டம் ஆளுக்கு ஆள், பெயருக்குப் பெயர் மாறும். ஒருவன் படம் பிடித்தால் பொழுதுபோக்கு, வேறொருவன் பிடித்தால் சந்தேகம் என்பது ராஜநீதி ஆகாது.

படங்களை அழிக்கச் சொன்ன அதிகாரியை நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். அந்தப் படம் குற்றமானால், அதுவே சாட்சியம். அதை அழிப்பது சாட்சியத்தை அழிப்பதாகும். குற்றமில்லையானால், அது பிறன் பொருள். அதை அழிப்பது பிறன் பொருளை அழிப்பதாகும். இரண்டில் எதைச் செய்தார் என்று அவரே சொல்லட்டும்.

இத்தகைய தவறு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2001-ஆம் வருஷம் நவம்பரில், ஆகாய விமானங்களின் எண்களைக் குறிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட 12 பிரிட்டிஷாரையும் 2 டச்சுக்காரரையும் கிரேக்க தேசத்துப் போலீஸார் ஒற்றர்களென்று சிறையிலிட்டனர். 2002 ஏப்ரலில் கீழ்க் கோர்ட்டில் தண்டனையும் கிடைத்தது. அதே வருஷம் நவம்பரில் அப்பீல் கோர்ட்டார் விடுதலை செய்தார்கள். ஒரு மனிதன் கூலி வாங்காமல், லாபம் தேடாமல், ஒரு பொருளை மணிக்கணக்காகப் பார்ப்பான் என்பதை அதிகார வர்க்கத்தால் நம்ப முடிவதில்லை. அதுவே வழக்கின் சாரம்.

அதிகாரிகளுக்கு இதைச் சொன்ன நாம் வாலிபர்களுக்கும் கடுமையாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. தண்டவாளம் மேடையன்று. பாரம் ஏற்றிய ஒரு கூட்ஸ் வண்டியில் சரக்கு மட்டுமே 3,500 டன்னுக்கு மேல் இருக்கும். டிரைவர் பிரேக்கைப் பிடித்தபின்னும் அது நெடுந்தூரம் ஓடியே நிற்கும். அவர் உங்களைக் கண்டும் காப்பாற்ற முடியாமற் போவார். ஆயுள் முழுதும் அந்தக் காட்சியைச் சுமப்பார். மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அதைத் தொட வேண்டுவதில்லை. நிற்கும் பெட்டியின்மீது படத்துக்காக ஏறி அருகே சென்றாலே உயிர் போகும். அவ்வாறு மாண்ட பிள்ளைகளின் செய்தியை நமது பத்திரிகையிலும் வெளியிட நேர்ந்திருக்கிறது. அச்செய்திகளை இனியும் அச்சிட நாம் விரும்பவில்லை.

இங்கிலாந்தில் 1940-களில் இதே பிரச்சினை எழுந்தது. இயான் ஆலன் என்னும் ரயில்வே சிப்பந்தி 1942-ல் இஞ்சின் எண்களைத் தொகுத்துச் சிறு புத்தகமாக வெளியிட்டார். பள்ளிச் சிறுவர் ஆயிரக்கணக்கில் அதை வாங்கிக்கொண்டு பாதையோரங்களில் கூடினர். சிலர் பாதைக்குள்ளும் நுழைந்து பிடிபட்டனர். ஆலன் புத்தக விற்பனையை நிறுத்தவில்லை. சிறுவர்களுக்கு ஒரு சங்கம் ஏற்படுத்தி, ரயில்வே எல்லைக்குள் அத்துமீறி நுழைவதில்லையென்று உறுதி வாங்கினார். தாமே விதித்துக்கொண்ட ஒழுக்கம் போலீஸ்காரர் விதிக்கும் தண்டனையைவிட நன்றாக வேலை செய்யும். நமது தேசத்திலும் ரயில் அன்பர்கள் பல ஊர்களில் கூடி வருகிறார்கள். புதுமடத்து வாலிபர்கள் மூவரும் தம்முள் அத்தகைய விதியொன்றை இன்றே எழுதிக் கையொப்பமிடுவார்களாக.

இது நிற்க. இனி, இது வீண் வேலையா என்னும் கேள்வி.

பிரயாணிகள் வண்டியைப் பார்ப்பவன் மனிதரைப் பார்க்கிறான். கூட்ஸ் வண்டியைப் பார்ப்பவன் தேசத்தின் வரவு செலவுக் கணக்கைப் பார்க்கிறான். 2024-25-ல் நமது ரயில்வேக்கள் 160 கோடி டன்னுக்கு மேற்பட்ட சரக்கைச் சுமந்தன. ரயில்வேயின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு இச்சரக்கினால் வருகிறது. நாம் குறைந்த டிக்கெட்டில் இராமேசுவரம் சென்று வருவதற்கு ஒரு காரணம், எங்கோ ஒரு நிலக்கரி வண்டி நம் பங்கையும் சேர்த்துச் செலுத்துவதே. மேடையில் நம் வண்டியை நிறுத்தி, 'கூட்ஸ் போகிறது' என்றால் முணுமுணுக்கிற நாம் இதை அறிவதில்லை. அந்தப் பையன் அறிவான்.

அவன் எண்ணும் கணக்கைச் சற்றுக் கவனிப்போம். நிலக்கரி ஏற்றும் திறந்த பெட்டிகள் வழக்கமாக 58 சேர்ந்து ஒரு வண்டியாகும். நீளம் சுமார் 650 மீட்டர். ஏன் அவ்வளவே? ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி ஒதுங்கி நின்று மற்றொன்றுக்கு வழிவிட வேண்டும். ஒதுங்கும் கிளைப் பாதையின் நீளமே வண்டியின் நீளத்துக்கு எல்லை. ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் 11 இலக்கங்கள் எழுதியிருக்கும். முதல் இரண்டும் பெட்டியின் வகை. அடுத்த இரண்டும் அது எந்த ரயில்வேயின் உடைமை என்பது. அடுத்த இரண்டும் கட்டிய வருஷம். பின் நான்கும் அதன் தனி எண். கடைசி இலக்கம் முன்னுள்ளவை சரிதானாவென்று சோதிப்பது. இதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஓடும் வண்டி ஒரு புத்தகம்.

அண்மையில் நமது தேசத்தில் ஓடிய நீண்ட வண்டிகளைப் பற்றியும் அவனிடம் கேட்கலாம். 2022 ஆகஸ்டு 15-ந் தேதி, சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவில், 'சூப்பர் வாசுகி' என்று பெயரிட்ட வண்டி 295 பெட்டிகளில் சுமார் 27,000 டன் நிலக்கரியுடன் சத்தீஸ்கரில் ஓடியது. அதன் நீளம் 3.5 கிலோமீட்டர். 2025 ஆகஸ்டு 7-ந் தேதி 'ருத்ராஸ்திரம்' என்னும் வண்டி ஓடியது. ஆறு காலி வண்டிகளை ஒன்றாகக் கோத்து, 354 பெட்டிகளும் ஏழு இஞ்சின்களுமாக நான்கரைக் கிலோமீட்டர் நீளம். பாம்பன் பாலத்தைப்போல் இரண்டு பாலங்களை அடுத்தடுத்து வைத்தாலும் அவ்வண்டியின் வால் வெளியே நிற்கும். உலகத்திலேயே மிக நீண்டது ஆஸ்திரேலியாவில் 2001 ஜூன் 21-ந் தேதி ஓடிய இரும்புத் தாது வண்டி. 682 பெட்டிகள், 8 இஞ்சின்கள், ஏழு கிலோமீட்டருக்கு மேல். ஆறு வண்டிகள் தனித்தனியே செல்லும் பாதையில் ஒரே வண்டியாகச் சென்றால் பாதை மிச்சம், ஆள் மிச்சம், நேரம் மிச்சம். இஞ்சின்கள் அனைத்தும் முன்னாலேயே இருந்து இழுத்தால் பெட்டிகளைப் பிணைக்கும் கொக்கி அறுந்துபோகும். ஆகவே அவற்றை இடையிடையே வைக்கிறார்கள். இவ்வளவும் படிப்பு. பரீட்சைக்கு நெட்டுருப் போடும் பாடத்தைவிட இது தாழ்ந்ததென்று நாம் கருதவில்லை.

படம் பிடிப்பதோ படிப்புக்கும் மேற்பட்டது, அது சரித்திரம். இதை வேறெவரும் உணராவிடினும் இராமநாதபுரம் கடற்கரையார் உணர வேண்டும். 1914 பிப்ரவரி 24-ந் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிவரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலுமாக, சென்னைக்கும் கொழும்புக்கும் ஒரே வழி உண்டாயிற்று. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலில் கடல் பொங்கி, தனுஷ்கோடி செல்லும் வண்டியையும் அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரையும் கொண்டுபோயிற்று. பாம்பன் பாலத்தை 46 நாட்களில் செப்பனிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை மீண்டும் போடவேயில்லை. ஐம்பது வருஷம் அந்தப் பாதையில் அன்றாடம் சென்ற சரக்கு வண்டிகளை யார் படம் பிடித்து வைத்தார்? அவற்றில் என்ன போயிற்று, என்ன வந்தது, சுமை தூக்கியவர் யார்? அந்நாளில் புதுமடத்தில் இத்தகைய பித்தன் ஒருவன் இருந்து, கையில் ஒரு காமிராவும் இருந்திருந்தால், இன்று நாம் மணலில் நிற்கும் இடிந்த சுவர்களைப் பார்த்து ஊகிக்க வேண்டியிராது.

அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்னும் படக்காரர் 1955 முதல் 1960 வரையில், நீராவி இஞ்சின்களைக் கடைசிவரை ஓட்டிய ஒரு பெரிய ரயில் கம்பெனியின் வண்டிகளை இரவில் விளக்கமைத்துப் படம் பிடித்தார். கம்பெனி அவருக்குச் சம்பளம் தரவில்லை. ஆனால் அனுமதியும் ஒத்துழைப்பும் தந்தது. அந்த நீராவி இஞ்சின்கள் ஓய்ந்துவிட்டன. படங்கள் நிலைத்து, இன்று அவற்றுக்கென்றே ஒரு காட்சிச்சாலை இருக்கிறது. நமது பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் வண்டிகள் நின்றன, 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக எழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்டது. பழைய பாலத்தின்மீது வண்டி ஊர்ந்து செல்லும் காட்சியை இனிப் பிறக்கும் குழந்தைகள் எதிற் காண்பார்கள்? சம்பளமின்றி வெயிலில் நின்றவர்கள் எடுத்த படங்களிலும் காண்பார்கள்.

இனி மூன்றாவது கேள்வி: ஊருக்கு என்ன பயன்?

இங்கே நாம் அந்த வாலிபரையே ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். தம்பி, கூட்ஸ் வண்டி பார்க்க நீர் ஏன் தூத்துக்குடிப் பாதைக்குப் போக வேண்டியிருக்கிறது? உமது ஊருக்கு அருகிலேயே உச்சிப்புளியில் தண்டவாளம் இருக்கிறதே. அதில் ஏன் நீண்ட கூட்ஸ் வண்டி வருவதில்லை?

விடை அந்த நீண்ட வண்டிகளிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் ஒரு சிறு வியாபாரி ஒரு பெட்டியளவு சரக்கை, அதற்கும் குறைந்த சில மூட்டைகளைக்கூட, தன் ஊர் ஸ்டேஷனில் புக் செய்யலாம். கூட்ஸ் வண்டி ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று பெட்டிகளைக் கழற்றியும் மாட்டியும் செல்லும். அதில் தாமதம் அதிகம், செலவும் அதிகம். 1980-கள் முதல் ரயில்வே நிர்வாகம் முழு வண்டிக்குக் குறைந்த சரக்கைப் படிப்படியாகக் கைவிட்டது. ஓரிடத்தில் முழு வண்டியை நிரப்பி, ஓரிடத்தில் முழு வண்டியை இறக்குபவனுக்கே இன்று மரியாதை. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் உரத்துக்கும் அது பொருந்தும். தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் பெயர் தாங்கிய துறைமுகத்திலிருந்து வண்டிகள் நிரம்பிச் செல்லும். ஆனால் நமது கடற்கரையின் கருவாட்டு வியாபாரியும் பனைவெல்லம் காய்ச்சுபவரும் 58 பெட்டியை எதைக் கொண்டு நிரப்புவார்கள்? அவர்கள் லாரியை நாடினார்கள். வண்டி நீள நீள, அதில் சிறியவனுக்கு இடம் குறைந்தது. நீண்ட வண்டியை நாம் குறை கூறவில்லை. தேசத்துக்கு அது வேண்டும். அதன் நிழலில் யார் விடுபட்டார்கள் என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டுமென்கிறோம்.

இக்கணக்கு நம் முன்னோர் போட்ட கணக்கே. ரயில்வே அந்நியர் கம்பெனிகளின் கையிலிருந்த காலத்தில், மூலதனத்துக்கு ஐந்து சதவிகித வட்டி உத்தரவாதத்தை இந்தியக் குடியானவனின் வரிப் பணத்திலிருந்து கொடுத்தார்கள். தாதாபாய் நௌரோஜியும், 'சுதேசமித்திரன்' ஸ்தாபகர் ஜி. சுப்பிரமணிய ஐயரும், இந்தத் தண்டவாளத்தில் எது வெளியே போகிறது, எது உள்ளே வருகிறது என்று கேட்டே தேசத்தின் செல்வம் வடிவதை ஜனங்களுக்கு எடுத்துக் காட்டினார்கள். மகாத்மா 1909-ல் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' என்னும் நூலில், தானியம் விலை அதிகமுள்ள இடத்தைத் தேடி ஓடுவதற்கு ரயில் வழி செய்து பஞ்சத்தைப் பெருக்குகிறது என்று கண்டித்தார். அவர் கருத்து முழுவதையும் இன்று ஏற்பவர் சிலரே. ஆயினும், வண்டியின் வேகத்தை வியப்பதற்குமுன் அதன் உள்ளே இருப்பதைக் கேட்கும் பழக்கத்தை அவர்கள் நமக்குத் தந்தார்கள்.

நமது இராமேசுவரம் பாதை அந்தப் பழக்கத்தின் அவசியத்தை வேறெதையும்விட நன்றாகக் காட்டும். அந்நிய ஆட்சியில் இவ்வழியே சென்றவற்றுள் விலைமதிப்பற்ற சரக்கு மனிதரே. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்களை, இலங்கை அரசாங்கம் நடத்திய மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் உண்டா என்று சோதித்து, அக்கரைக்கு அனுப்பினார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் அவர்களுடைய சந்ததியார் பலர் அதே மண்டபத்தின் வழியே திரும்பினர். 1983-க்குப் பின் அகதிகளும் அங்கேயே வந்து தங்கினர். தண்டவாளத்தோரம் நின்று எண்ணியவர் அன்று இருந்திருப்பின், எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்குச் சர்க்கார் கணக்கு மட்டுமே சாட்சியாக இராது.

ஆதலின் அன்பருக்கு நமது விடை இது. உமது குமாரர் குற்றவாளியல்லர். பொதுச் சாலையில் நின்று பொது உடைமையைப் பார்த்த குடிமகன். அவர் வீணரல்லர், சம்பளம் வாங்காத மாணாக்கர். ஊருக்குப் பயன்பட வேண்டுமெனில் அவர் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். தூத்துக்குடிப் பாதையில் வரும் வண்டியை எண்ணுவதுபோல், உச்சிப்புளியில் வராத வண்டியையும் எண்ணட்டும். நம் கடற்கரையிலிருந்து ஒரு மாதத்தில் எத்தனை லாரி கருவாடும் மீனும் பனம்பொருளும் வெளியேறுகின்றன என்று தோழர்களுடன் கணக்கெடுக்கட்டும். அக்கணக்கை நமக்கு அனுப்பினால் இப்பத்தியில் பிரசுரிப்போம். தேசத்தில் சரக்குக்கென்றே போட்ட கிழக்கு, மேற்கு என்னும் இரு தனிப் பாதைகளும் தமிழ்நாட்டை எட்டவில்லை; பெரிய வண்டிக்கு வழி கேட்கும்போது, சிறு வியாபாரியின் இரண்டு பெட்டிக்கும் வழி கேட்க நமக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் நோட்டுப் புத்தகத்தில் பிறக்கிறது.

ரயில்வே நிர்வாகத்தாரிடம் நாம் கேட்பவை இரண்டே. எந்த இடத்தில் படம் பிடிக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்பதைத் தமிழில் எழுதி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பலகை வையுங்கள். அப்பலகையில் தடையில்லாத இடத்தில் நிற்பவனிடம், அவன் பெயர் எதுவாயினும், சந்தேகத்தோடு பேசாதீர்கள். வேலிக்கு அப்பால் பத்திரமாக நிற்கச் சொல்லி விட்டுவிடுங்கள். அந்நியர் ஆட்சியில் ரயில் அவர்களுடையது. அதைப் பார்த்தவன்மீது அவர்கள் சந்தேகம் கொண்டதில் ஓர் அர்த்தமிருந்தது. இன்று ரயில் நம்முடையது. தன் வீட்டு மாடுகள் தொழுவத்துக்குத் திரும்பும்போது வாசலில் நின்று எண்ணுகிற குடியானவனை யாரும் திருடனென்பதில்லை.